வேடருள் வளர்ந்த மைந்தன்

காரைக்காலம்மையார் தோன்றிய பதியும், நளன் இடர்தீர்ந்த திருநள்ளாறும் ஒருங்கமைந்தது காரைக்கால் நாடு. ஆண்டு மாங்கனித் திருவிழாக் காணச் சென்றிருந்த எம்மிடம் முதியவர் ஒருவர் தம் பெயரனை அழைத்துவந்தார். சிறுவனுக்கு அகவை 16. கைப்பேசியிற் பணம் வைத்தாடும் ஆட்டத்தில் இரவெல்லாம் விழித்து, பாட்டியின் தோட்டையும் விற்றுத் தோற்றவன். தந்தையார் அடித்தும் கைப்பேசியை உடைத்தும் பார்த்தார். நண்பன் கைப்பேசியில் ஆட்டம் தொடர்ந்தது. "முன்பு இவன் இப்படியில்லை, ஐயா" என்று முதியவர் கண்கலங்கினார். யாமோ சூதின் இழிவை விரித்து நெடும்பொழுது கடிந்தேம். தலைகவிழ்ந்து கேட்டிருந்தவன் மறுநாள் வந்திலன்.

எம் சொல் பயன்படாமை என்னை? சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தை மீட்டும் சிந்தித்தவழி எம் பிழை விளங்கிற்று. ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை ஆண்டு உவமையாகக் கொள்வர். அவனை மீட்கவந்த தந்தை, வேட்டுவத் தொழிலின் இழிவை எடுத்தோதினானல்லன். அவன் தன் மைந்தனென்பதையே உணர்த்தினான். உணர்ந்தபின் வேடரை விடுதல் தானே நிகழ்ந்தது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரினியல்பு. அவ்வண்ணத்தையே உயிரென மயங்கி, மைந்தனை வேடனென்று வைதது எம் குற்றம். குருவாய் வருபவன் இறைவனே, யாம் குருவல்லேம். ஆயினும் உவமை காட்டிய நெறி எம்மனோர்க்கும் உரியதேயாம்.

நளன் சரிதமும் இதனையே வலியுறுத்தும். புட்கரனோடாடிய சூதில் நாடிழந்து, உருத்திரிந்து, வாகுகனென்னும் பெயரொடு தேர்ப்பாகனாய் நின்றவனை, அவன் சமைத்த உணவின் சுவைகொண்டு தெளிந்தாள் தமயந்தி. உலகம் பாகனைக் கண்டது. அவள் நளனைக் கண்டாள்.

பின்னொருநாள் அச்சிறுவனை நளதீர்த்தக் கரையிலிருத்தி இக்கதையை மட்டும் கூறினேம். ஆட்டத்தைப்பற்றி ஒன்றும் வினவிலேம். நெடிது வாளாவிருந்து, "தாத்தா சொல்லும் அந்தப் பழைய பையன் இன்னும் இருக்கிறானா, ஐயா?" என்றான். "என்முன் இருக்கிறான், தம்பி" என்றேம்.

அன்பரொடு கூடுதலைப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தலின், மாலைதோறும் ஓதுவாரிடம் திருமுறை பயில அவனை அமர்த்தினேம். மனநோய் வல்ல மருத்துவரையும் காணச்செய்தேம். இத்தகைய ஆட்டப்பற்றை நோயென்றே உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப்பட்டியலும் கூறுகின்றது. ஆகலின் மருந்தை நாடுதல் பத்திக்குக் குறைவன்று. அரசின் மனநல உதவியை 14416 என்னும் எண்ணிற் பெறலாம். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசின் சட்டம் விலக்கியது நன்றே. எனினும் சட்டம் கடையை அடைக்கும். அகத்துள்ள விருப்பத்தை அடையாது.

மூன்று திங்கள் கழித்து அவன் மீண்டும் ஆடினான். வேம்பு தின்று பழகிய புழு, கரும்பைப் பெற்றும் வேம்பையே நோக்குமென்பது ஒன்பதாஞ் சூத்திரத்துப் பொருள். வாசனை ஒருநாளில் அறுவதன்று. ஐந்தெழுத்தை இடைவிடாதோதுதல் அதன்பொருட்டே. ஆயின் இம்முறை அவன் ஒளித்திலன். "தாத்தா, நேற்று ஆடிவிட்டேன்" என்று தானே சென்றுரைத்தான். முதியவர் வைதிலர், அருகிருத்தி உணவிட்டார். மறைத்தவன் வந்து சொன்னானாயின், தன்னை அறியத் தொடங்கினானென்க.

திருமடத்துப் பெரியோர்களே! நும் வாயிலில் இத்தகைய சிறுவர் வந்து நிற்பர். அவர் செய்ததை வினவுமுன் அவர் யாவரென்பதை உணர்த்துமின். அரசகுமாரனை அறிந்தழைப்பார் இல்லாவழி, வேடரே அவனுக்குச் சுற்றமாவர்.

திருச்சிற்றம்பலம்.