பந்தி விசாரணை

(பாஸ்குக் காலத்து ஐந்தாம் ஞாயிறு. அப்போஸ்தலர் நடபடி, 6-ம் அதிகாரம், 1 முதல் 7 வரையுள்ள வசனங்கள்)



நமது பங்கு வளர்ந்து வருகிறது. சர்வேசுரனுக்கு அனந்த ஸ்தோத்திரம். பெரிய சனிக்கிழமை இரவில் ஞானஸ்நானத் தொட்டியண்டை வெள்ளையுடுத்தி நின்றவர்களை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குக் கோயில் கொள்வதில்லை. தாழ்வாரத்திலும் வேம்படியிலும் சனங்கள் நின்று பூசை காண்கிறார்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்கள் ஓலைக் கூரையின் கீழ்க் கூடிய இடம் இது. இதைக் கண்டு மனம் பூரியாதவன் யார்? வருகிற திருநாளில் நன்றியறிதலாக விசேஷப் பூசை வைத்திருக்கிறோம். மேளமும் உண்டு, பந்தியும் உண்டு. எல்லாம் சரியே.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கென்று திருச்சபை தெரிந்து கொடுத்திருக்கும் வாசகத்தைச் சற்றே கூர்ந்து கேளுங்கள். அதுவும் ஒரு பங்கு வளர்ந்த கதைதான். அர்ச். இராயப்பர் பிரசங்கம் செய்த முதல் நாளிலேயே ஏறக்குறைய 3000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சில காலத்துக்குள் ஆண்கள் தொகை மாத்திரமே 5000 ஆயிற்று. இந்தக் கணக்கையெல்லாம் மகிழ்ச்சியோடு எழுதி வருகிற அர்ச். லூக்காஸ், ஆறாம் அதிகாரத்தைத் துவக்கும்போது, சீஷர்களின் தொகை பெருகிற்று என்று சொன்ன அதே மூச்சில், முறுமுறுப்பு உண்டாயிற்று என்றும் எழுதிவிடுகிறார்!

என்ன முறுமுறுப்பு? ஜெருசலேமிலே இரு பாஷைக்காரர் இருந்தார்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஊர்ப் பாஷை பேசின யூதர் ஒரு பக்கம். தூர தேசங்களிலே குடியிருந்து திரும்பி வந்த, கிரேக்க பாஷை பேசின யூதர் மறு பக்கம். விசுவாசம் ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று, அப்பம் பிட்குதலும் ஒன்று. ஆனால் தினந்தோறும் ஏழைகளுக்குப் பங்கிடும்போது, கிரேக்க பாஷைக்காரரின் விதவைகள் விடப்பட்டுப் போனார்கள். வயதான காலத்தில் பரிசுத்த நகரத்திலே கண்ணை மூட வேண்டுமென்று வந்து குடியேறி, கணவனையும் இழந்து, இனசனம் அருகில் இல்லாதவர்கள் அவர்களில் பலர் என்று வேதசாஸ்திரிகள் கருதுகிறார்கள்.

யாராவது வேண்டுமென்று அவர்களைத் தள்ளிவிட்டார்களா? ஆகமம் அப்படிச் சொல்லவில்லை. பந்தியில் பரிமாறுகிறவன் தனக்குத் தெரிந்த முகத்துக்கு முன்னால் சற்று நிற்பான். தெரியாத முகத்தைக் கடந்து போவான். அவ்வளவுதான் நடந்திருக்கும். பத்துப் பேர் உண்ணும் வீட்டில் இப்படி நடவாது. ஆயிரம் பேர் உண்ணும் பந்தலில் கட்டாயம் நடக்கும். அதற்காகத்தான் நம் கலியாண வீடுகளில் பந்தி விசாரணைக்கென்று ஒரு பெரியவரை வைப்பார்கள். அவர் கரண்டி பிடிப்பதில்லை. ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே போவார்: "இங்கே சாம்பார் வரவில்லையே, அந்த ஓரத்துப் பிள்ளைக்கு அப்பளம் வைத்தாயா?" என்று கேட்பார். விருந்தின் மரியாதை அவர் கண்ணில் இருக்கிறது.

அப்போஸ்தலர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறுமுறுத்தவர்களை அவர்கள் அதட்டவில்லை. "சபை இவ்வளவு செழிப்பாயிருக்கும்போது இந்தச் சில்லறைப் பேச்செல்லாம் எதற்கு?" என்று கேட்கவில்லை. சபையார் எல்லாரையும் கூட்டி, நற்பெயரும் ஞானமும் இஸ்பிரீத்து சாந்துவின் நிறைவும் உள்ள ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேர் யார்? முடியப்பர், பிலிப்பு, புரோக்கோருஸ், நிக்கானோர், தீமோன், பார்மேனாஸ், அந்தியோக்கியா நகரத்தாராகிய நிக்கோலாஸ். ஏழும் கிரேக்கப் பெயர்கள்! நிக்கோலாஸ் என்பவரோ பிறவியில் யூதருங்கூட அல்ல. புறமதத்திலிருந்து யூத வேதத்துக்கு வந்தவர். எந்தப் பந்தியில் ஓரத்தார் விடப்பட்டார்களோ, அந்தப் பந்தியின் கரண்டியையே ஓரத்தார் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் கூட்டி வை என்று உத்தரவு போட்டிருந்தால் எளிதாய் முடிந்திருக்கும். அவர்கள் அதற்கு மேலே போனார்கள்.

(இடையில் ஒரு வார்த்தை. முடியப்பர் என்ற பெயர் தமிழ்ப் பெயர் என்று நினைத்திருப்பீர்கள். கிரேக்கத்தில் ஸ்தெபனோஸ் என்றால் முடி, கிரீடம். நம் முன்னோர் அந்த அன்னியப் பெயருக்கு வீட்டுக்குள் இடங்கொடுத்து, முடியப்பர் என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள். இன்று நம் பங்கிலும் அந்தப் பெயர் தாங்கியவர்கள் உண்டு.)

அந்த ஏழு பேருக்கும் கைகள் விரிக்கப்பட்ட பிறகு லூக்காஸ் என்ன எழுதுகிறார்? தேவ வார்த்தை பரவிற்று, ஜெருசலேமிலே சீஷர்களின் தொகை மிகவும் பெருகிற்று, குருக்களில் அநேகரும் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்று எழுதுகிறார். ஆக, அதிகாரத்தின் துவக்கத்தில் ஒரு வளர்ச்சி; அதனால் ஒரு குறை. குறையைத் தீர்த்த பின்பு வேறொரு வளர்ச்சி. முந்தியது தலையெண்ணிக்கை. பிந்தியது ஊரார் கண்டு உள்ளே வந்த வளர்ச்சி.

ஆதித் திருச்சபை இதை மறக்கவில்லை. 251-ம் ஆண்டில் பாப்பரசராயிருந்த அர்ச். கொர்னேலியுஸ், அந்தியோக்கியா மேற்றிராணியாருக்கு எழுதிய ஒரு நிருபத்தில் உரோமாபுரிச் சபையின் தொகையைக் குறிப்பிடுகிறார். எவுசேபியுஸ் தமது திருச்சபைச் சரித்திரத்தில் இந்த நிருபத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். குருக்கள் 46, தியாக்கோன்மார் 7, உப தியாக்கோன்மார் 7, பீடப் பரிசாரகர் 42. இன்னும் பேயோட்டுகிறவர், வாசகர், வாயில் காப்போர் சேர்ந்து 52. கணக்கு அதோடு நிற்கவில்லை. சபை ஆதரித்து வந்த விதவைகளும் எளியவர்களும் 1500-க்கு மேல் என்று அதே வரிசையில் சேர்த்து எழுதுகிறார். என் சபை எவ்வளவு பெரியது தெரியுமா என்று சொல்லவந்த பாப்பரசர், சோறு போட்டு வந்த ஏழைகளையும் எண்ணிச் சொன்னார்! தியாக்கோன்மார் ஏழு பேர் என்பதையும் கவனித்தீர்களா? முடியப்பர் முதலான எழுவரின் நினைவு இருநூறு ஆண்டுக்குப் பின்னும் அங்கே கலையவில்லை.

சரி, நம் பங்குக்கு வருவோம்.

வேம்படியில் நின்று பூசை காண்பவர்கள் யார் என்று திரும்பிப் பார்த்தீர்களா? அநேகர் ஜார்க்கண்டு, ஒடிசா, சத்தீஸ்கர் தேசங்களிலிருந்து நம் மில்லுகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்த வாலிபர். பிரசங்கம் அவர்களுக்கு ஒரு வார்த்தை விளங்காது. ஆனால் எழுந்தேற்றத்தின் மணி அடித்ததும் முழங்காலில் விழுகிறார்கள். சரளைக் கல்லென்றும் பாராமல் விழுகிறார்கள். நம்மில் சிலர் கோயிலுக்குள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கும் நேரத்தில்!

இவர்கள் நேற்று முளைத்த கிறிஸ்தவர்கள் என்று எண்ண வேண்டாம். 1885-ம் ஆண்டில் பெல்ஜிய தேசத்துச் சேசு சபைக் குருவாகிய லீவன்ஸ் சுவாமி சோட்டா நாகபுரிக்குப் போனார். ஜமீன்தார்களிடம் நிலத்தைப் பறிகொடுத்துத் தவித்த மலைச் சாதியாருக்குக் கோர்ட்டு வழக்குகளில் துணை நின்றார். தங்களுக்காகப் பேச ஒருவர் வந்தார் என்று கண்ட அந்தச் சனங்கள் பதினாயிரக் கணக்கில் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். சுவாமி உடல் தேய்ந்து 1893-ல் தம் தேசத்திலே மரித்தார். அந்த விசுவாசத்தின் பிள்ளைகளே இன்று நம் வாசலில் நிற்கிறார்கள். ராஞ்சிப் பட்டணத்து அதிமேற்றிராணியார் தெலேஸ்போர் தோப்போ ஆண்டகை 2003-ல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இந்தியப் பூர்வ குடிகளிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. இவர்களில் உராவோன் சாதியார் பேசும் குருக் என்னும் பாஷையோ, தமிழுக்கு உடன்பிறந்த திராவிட பாஷை. நாம் நீ என்பதை அவர்கள் நீன் என்பார்கள். இவ்வளவு கிட்டின உறவினரை நாம் எப்படி அழைக்கிறோம்?

அழைக்கும் விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். இந்தியில் பய்யா என்பது அண்ணன் என்று பொருள்படும் மரியாதைச் சொல். நம் வாயில் அது "ஏய் பையா" என்று ஆகி, பையனாகவே குறுகிவிட்டது. தகப்பன் வயதுள்ளவனையும் அப்படியே கூப்பிடுகிறோம். வீடு வாடகைக்கு விடும்போது, நம்மவரானால் வீட்டுக்கு வாடகை. அவர்களானால் தலைக்கு வாடகை! தண்ணீர்க் குழாய்க்கு மாத்திரம் நேரக் கணக்கு. இந்தப் பங்கிலே காலையில் நன்மை வாங்கி, மாலையில் இப்படி வாடகை வாங்குகிறவர்கள் இல்லையென்று நான் எண்ணிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

நம் பாட்டன்மார் கப்பலேறிப் போகவில்லையா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும், மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! பாஷை தெரியாத ஊரிலே, கூலி நாளில் ஏமாற்றப்பட்டு, கங்காணி வைத்ததே சட்டமென்று பட்டதையெல்லாம் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கே ஒரு செபமாலை சத்தம் காதில் விழுந்தபோது அவர்கள் அழுதிருக்கமாட்டார்களா?

"சுவாமி, எங்களுக்கு இந்தி தெரியாதே" என்பீர்கள். நியாயந்தான். அர்ச். சவேரியாருக்குத் தமிழ் தெரியுமா? 1542-ம் ஆண்டின் கடைசியில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்கு ஐந்தாறு ஆண்டு முந்தியே இருபதினாயிரம் பேரளவில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். போதிக்கத்தான் ஆள் இல்லை. தொகை பெரிது, கவனிப்பு இல்லை! இரண்டு பாஷையும் தெரிந்த சிலரைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியடித்துத் தெருத்தெருவாய்ப் போனார். வியாதிக்காரர் வீடுகளிலிருந்து அழைப்புகள் குவிந்தபோது ஒருவராய் எத்தனை வீட்டுக்குப் போவார்? செபங்களைப் பாடமாக்கிய சிறு பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் போய், வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நோயாளியின் பாயண்டையில் விசுவாச மந்திரம் சொன்னார்கள். இதை அவரே 1544-ம் ஆண்டு சனவரி மாதத்து நிருபத்தில் எழுதியிருக்கிறார். நம் பெரியவர்கள் "நமக்கு ஆகாது" என்று கைவிரிக்கும் காரியத்தை அன்றைக்கு மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் உள்ள துறைகளில் சிறு பிள்ளைகள் செய்தார்கள்.

ஒரே ஒரு சொல்லாவது படித்துக்கொள்ளுங்கள். "ஜெய் யேசு" என்று சொல்லிக் கைகூப்புவது அவர்களுடைய வழக்கம். பூசை முடிந்து வெளியே வரும்போது அதைச் சொல்லிப் பாருங்கள். அந்த முகங்களில் என்ன நடக்கிறதென்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். பின்பு பெயரைக் கேளுங்கள். பெயரைக் கேட்டவன் பிற்பாடு "ஏய்" என்று கூப்பிடமாட்டான். மில்லில் கை நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தால் உடன் போய்ச் சீட்டு எழுதிக்கொடுங்கள். பாங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்பவனுக்கு நிரப்பிக் கொடுங்கள். காலேஜில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமா?

வடதேசத்தாரை மாத்திரம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசுகிற விதவைகளும் நம் பந்தியில் விடப்பட்டுப் போவதுண்டு. பிள்ளைகள் அரபு நாட்டிலும் சென்னையிலும் இருக்க, தனி வீட்டில் ஒரு விளக்கோடு இருக்கும் தாய்மார்கள் ஒவ்வொரு அன்பியத்திலும் உண்டு. அவர்களுக்குப் பணம் வருகிறது, பேச்சு வருவதில்லை. மீந்த குழம்பை அனுப்பிவிட்டுத் தர்மம் என்று கணக்கெழுதவும் வேண்டாம். போய்த் திண்ணையில் உட்காருங்கள். அதே கதையை மூன்றாம் முறை சொன்னாலும் கேளுங்கள். ஆகமத்தில் தினந்தோறும் பங்கிட்டார்கள் என்றல்லவா இருக்கிறது? திருநாளுக்குத் திருநாள் என்று இல்லையே! வருஷத்தில் ஒரு நாள் அண்டா வைத்துச் சமைப்பது எளிது. அதற்கு மேளமும் போட்டோவும் உண்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் ஒரு கிழவிக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

361 முதல் 363 வரை உரோமை இராயனாயிருந்த ஜூலியான் கிறிஸ்துவேதத்தை விட்டுப் பழைய தேவர்களிடம் திரும்பினவன். கலாத்தியா நாட்டுப் பூசாரி ஒருவனுக்கு அவன் எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்களே, நமக்கு வெட்கமாயிருக்கிறதே என்று புலம்புகிறான். பகைவன் வாயிலிருந்து வந்த இப்படிப்பட்ட சாட்சி நம் பங்குக்கு நம் ஊரில் உண்டா? டீக்கடையில் விசாரித்தால் தெரியும்.

இனித் திருநாள் காரியம். பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளப் பங்குப் பேரவையில் தீர்மானித்திருக்கிறோம். அவர்களில் நாலு பேராவது வடதேசத்துச் சகோதரராயிருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அப்போஸ்தலர்கள் ஏழையும் கொடுத்தார்கள், நாம் நாலுக்கே யோசிக்க வேண்டாம். பந்தியில் நம் வீட்டுப் பெரியவர்களும் அவர்களும் கலந்து உட்காருவார்கள். தனி வரிசை கிடையாது. கோயிலுக்குள்ளும் முன் பெஞ்சிகளில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு முதல் இரண்டாம் பூசையில் வாசகம் ஒன்று இந்தியிலும் வாசிக்கப்படும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் உபதேசியாரிடம் கொடுக்கலாம். கொஞ்சமாவது இந்தி தெரிந்தவர்கள் வேலை முடிந்து வரும் அந்த வாலிபர்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அவர்களுக்கு உபதேசியார் வீடு எது என்று தெரியாது.