அலகு எடுத்த பின்

தைப்பூசத்துக்கு முன் ஒரு மண்டலமோ அதனிற் குறைந்த காலமோ விரதம் பூண்டு, புலால் நீத்து, தரையில் படுத்து, நாவையும் மனத்தையும் அடக்கி, முருகப்பெருமானுக்கு நேர்ந்துகொண்ட கடனை அலகு குத்திக் காவடி எடுத்துத் தீர்க்கின்ற அடியார், சந்நிதியில் அந்த அலகை எடுத்த மாத்திரத்தில் தம் கடன் முடிந்துவிட்டதென்று எண்ணுவது இயல்பே. ஆனால் கன்னத்திலும் நாவிலும் முதுகிலும் அலகும் கொக்கியும் விட்டுச்சென்ற துளைகள் அப்பொழுதும் திறந்தே இருக்கின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு இறைவனுடையதா, அடியாருடையதா என்ற வினா முதற்பார்வைக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்குவோர்க்கு அது சரீரத்துக்கும் பக்திக்கும் உள்ள சம்பந்தம் முழுவதையும் பற்றிய வினாவாக விரியும்.

இன்று சிரம்பான் நகரத்தோடு ஒன்றிவிட்ட ரஹாங்கிலும் நெகிரி செம்பிலானின் தோட்டங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வினா புதிதன்று. கங்காணிமார் அழைத்துவர, கடல் கடந்து வந்து பால்மரக் காட்டு லயங்களில் குடியேறிய முன்னோர், வந்த இடத்திலேயே மாரியம்மனுக்கு ஒரு கோயிலும் முருகனுக்கு ஒரு நேர்த்தியும் ஏற்படுத்திக்கொண்டனர். 1892 முதல் பத்துமலையில் நடந்துவரும் தைப்பூசம் இன்று நெகிரி செம்பிலானில் பொது விடுமுறை பெற்ற பெருவிழா. எனினும் அக்காலத் தோட்டத் தொழிலாளிக்குத் திருவிழாவின் மறுநாள் ஓய்வு நாளாக வாய்ப்பது அரிது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவேண்டும். பின்பு வெட்டுக்கு இறங்கவேண்டும். முந்தைய நாள் இறைவனுக்காகத் துளைக்கப்பட்ட தேகத்தை மறுநாள் வியர்வையும் சேறும் கொசுவும் வந்து தொட்டன.

‘குத்தச் சொன்னவன் ஆற்றமாட்டானா? அவன் பேரால் உண்டான துளைக்கு மருந்து தேடுவது அவநம்பிக்கை ஆகாதா?’ என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இக்கேள்வியின் பின்னால் நிற்கும் சிரத்தையை நான் வணங்குகிறேன். ஆயினும் அந்தச் சிரத்தை எந்தச் சமயத்தின் மடியில் வளர்ந்ததோ அந்தச் சைவமே இதற்கு வேறு விடை அளிக்கிறது. தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், மலத்தால் மறைப்புண்டு கிடக்கும் ஆன்மா ஈடேறும்பொருட்டு இறைவன் கருணையினால் கொடுத்தான் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயின் இத்தேகம் நமக்குச் சொந்தமான பொருளன்று. ஒரு பிரயோஜனத்துக்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட சாதனம். உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உறையும் பரம்பொருளைக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்லியிருக்கிறார். இறைவன் உறையும் வீட்டின் சுவரில் அவன் பேராலேயே ஒரு துளை இட்டவர், அத்துளை வழியே நஞ்சு புகாமல் காப்பதும் அவனுக்குச் செய்யும் தொண்டே.

இதற்குக் கண்ணப்ப நாயனாரைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டுமா? காளத்தியப்பர் திருக்கண்ணில் உதிரம் பெருகியபொழுது, அவர் முதலில் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிவிடவில்லை. புண் செய்தவர் எவரென்று காடெங்கும் தேடினார். காணாமையால் வேடர் அறிந்த பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்து வார்த்தார். அம்மருந்துக்கும் உதிரம் நில்லாமை கண்ட பின்னரே தசைக்குத் தசை இடும் நினைவு அவருக்கு வந்தது. சேக்கிழார் காட்டும் இந்த வரிசையைத் தியாகத்தின் பேரொளியில் நாம் கவனியாது கடந்துவிடுகிறோம். சர்வ வல்லமை உடைய பரமனுக்கே மருந்து தேடி ஓடிய அன்பை அவநம்பிக்கை என்று எவரும் சொல்லார். அந்த அன்பின் முதற் செயலே புண்ணுக்கு மருந்திடுவதாக இருந்தது.

வைத்திய சாஸ்திரமும் இதையே அறிந்திருந்தது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், குழந்தைக்கு 6 அல்லது 7-ஆம் மாதத்தில் செய்யவேண்டிய காதுகுத்தை விதிக்கும்பொழுது, ரட்சையும் ஆபரணமும் அதன் நோக்கமென்று கூறுகிறது. சூரிய ஒளியில் நரம்பு ஓடாத இடம் தெரியப் பார்த்துக் குத்தவேண்டுமென்றும், தவறான இடத்தில் குத்தினால் ஜ்வரமும் வீக்கமும் வேதனையும் உண்டாகுமென்றும் எச்சரிக்கிறது. அதனோடு நில்லாமல், துளையில் பஞ்சுத்திரி வைத்து எண்ணெய் வார்த்து, மூன்று நாளைக்கு ஒருமுறை சற்றே பருத்த திரியாக மாற்றிவரவேண்டும் என்றும் விதிக்கிறது. ஊசி செல்வது ஒரு கணம்; பேணுதலோ பல நாள். சாஸ்திரம் இரண்டையும் ஒரே கிரியையின் இரு பகுதிகளாகவே கண்டது.

இக்காலத்து மருத்துவம் கூறுவது இன்னும் தெளிவானது. காதுமடலின் மெல்லிய சதையில் இட்ட துளை 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். மேற்காதின் குருத்தெலும்பிலோ சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லாமையால், ஆற 6 மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். அலகு உடனே எடுக்கப்படுவதாலும், வாயின் உட்புறத்தில் இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதாலும் நாவின் துளை விரைவாக மூடும். துளையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவது முதற்கடன். கொதித்தாறிய நீர் ஒரு குவளைக்குக் கால் தேக்கரண்டி உப்பிட்டு, அதனால் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியைக் கொல்லும்பொழுதே புதிதாய்த் தோன்றும் தசையையும் வருத்துமாதலால் அவற்றைத் தவிர்ப்பது நன்று. நூறு கைகள் தொட்ட தட்டின் திருநீறு நெற்றிக்கு உரியது; திறந்த புண்ணின் வாய்க்கு அது ஏற்றதன்று. சுத்தம் செய்யாத ஒரே அலகைப் பலருக்கும் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஒருவர் உதிரத்திலிருந்து மற்றொருவர் உதிரத்துக்குச் செல்லக்கூடும். புண் வழியே வரும் ரணஜன்னிக்குத் தடுப்பூசி உண்டு. அதை முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம். சிவப்புப் பரவினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் டாக்டரிடம் செல்லவேண்டும். காதிலோ மூக்கிலோ இட்ட அணியைத் தாமே கழற்றிவிட்டால், துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடவும் கூடும்.

இவ்விதிகளையெல்லாம் உற்று நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. நாம் செய்யக்கூடியவை யாவும் தடையை நீக்கும் செயல்களே. தசையை வளர்க்கும் சக்தி நம்மிடம் இல்லை. தோட்டத்துப் பாட்டாளி இதைத் தினமும் கண்டவர். பால்மரத்தின் பட்டையை அவர் மெல்லியதாகச் சீவுகிறார். கத்தி பட்டைக்கு உள்ளிருக்கும் கட்டையைத் தொடாதிருந்தால் வெட்டிய இடத்தில் புதுப்பட்டை சமனாக எழும். தொட்டுவிட்டாலோ பட்டை முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து பிற்காலத்தில் வெட்டுக்கு உதவாமற் போகும். புதுப்பட்டையை எவரும் ஒட்டவைப்பதில்லை. அதை மரமே தருகிறது. அளவறிந்து வெட்டுவதும், வெட்டிய பின் காத்திருப்பதுமே மனிதர் கடன். காதிலிட்ட புதுத் தோட்டைத் திருகிக்கொண்டே இருப்பதும், காய்ந்த பொருக்கை நகத்தால் உரிப்பதும் அந்தக் காத்திருப்பைக் குலைக்கும் செயல்கள். நம் கைக்குச் சும்மா இருப்பதைப் போல் கடினமான சாதனை வேறில்லை. சும்மா இருத்தலைச் சுகம் என்று நம் ஞானிகள் உரைத்தது மனத்தின் மிக உயர்ந்த நிலையைக் குறித்தே. எனினும், ஆறும் துளையைத் தொடாமல் பொறுத்திருக்கும் விரலும் அந்த ஞானத்தின் முதற்பாடத்தைப் படிக்கிறது என்பேன். முயற்சி நமது, வளர்ச்சி அவனுடையது என்ற பேதத்தை இவ்வளவு அண்மையில் உணர்த்தும் அநுபவங்கள் மிகச் சில.

எனவே, வேதனையைத் தாங்கியதோடு வழிபாடு பூர்த்தியாயிற்று என்று கருதுவது விரதத்தைப் பாதியில் நிறுத்துவதாகும். வேதனை தாங்குவோரை ஊர் காண்கிறது. உறுமியும் வேல் வேல் என்ற கோஷமும் அவருக்குத் துணை நிற்கின்றன. புண்ணைக் கழுவுபவரை எவரும் காண்பதில்லை. காண்போர் இல்லாத இடத்திலும் குறையாத சிரத்தையே பக்தி என்றால், அந்தப் பக்திக்குப் பரீட்சை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது.

நம் மரபு இந்தப் பேணுதலுக்கு இடமும் வைத்திருக்கிறது. தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள் இடும்பன் பூசை செய்த பிறகே விரதத்தை முடிக்கும் அடியார் மலேசியாவில் பலர். முதன்முதலில் காவடி சுமந்து, மலைச்சாரலில் வீழ்ந்து, முருகன் அருளால் மீண்டும் உயிர்த்தெழுந்தவன் இடும்பன். அவனை நினைத்து முடியும் விரதம், அடியார் தேகத்தின் நலத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்வது பொருத்தமே. அவ்விடைப்பட்ட நாட்களில் உணவிலும் ஒழுக்கத்திலும் கொள்ளும் நியமத்தோடு, புண்ணைக் கழுவும் நியமத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி குருக்கள்மாரும் கோயில் நிர்வாகத்தாரும் உபதேசிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய அலகை மற்றொருவருக்குக் குத்தலாகாது என்பதை அவர்கள் கண்டிப்பான விதியாகவே வைக்க வேண்டும். துளை மூன்று நாளில் ஆறாவிடின், ஆறும்வரை அந்த நியமம் நீளட்டும். நேர்ந்துகொண்டவர் உடல்நலத்தோடு அடுத்த ஆண்டும் முருகன் சந்நிதிக்கு வந்து நிற்கவேண்டும் என்பதைத் தவிர, இடும்பனை எழுப்பிய அந்தக் கருணைக்கு வேறு விருப்பம் இருக்க நியாயமில்லை.