பெண்மக்களும் வெளிநாட்டுப் பிரயாணமும்

கல்லூரிகளில் விடுமுறை விட்டதும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு எழுகின்றது. தோழர் சிலருடன் சேர்ந்து அயல்நாடு ஒன்றைக் கண்டுவர அனுமதி தரல் வேண்டும் என்று படிக்கும் பிள்ளை பெற்றோரிடம் விண்ணப்பம் செய்கின்றது. கேட்பவன் மகனாயின், "பணம் போதுமா?" என்ற ஒரே கேள்வியோடு வழக்கு முடிந்துவிடும். கேட்பவள் மகளாயின், "யாருடன்? எதற்கு? ஊரார் என்ன சொல்வர்?" என்று குறுக்கு விசாரணை பல நாள் நடந்து, "மணமான பின் கணவனோடு போய்ப் பார்க்கலாம்" என்று தீர்ப்பளிக்கப்படும். ஒரே வீட்டில், ஒரே பெற்றோர் முன்னிலையில், ஒரே விண்ணப்பத்திற்கு இருவகைத் தீர்ப்பு வழங்கப்படுமாயின் அதில் நீதி எங்கே உளது? இதனைச் சற்று நிதானமாக ஆராய விரும்புகின்றோம்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில் அண்மையில் நடந்ததைக் கூறினால் விஷயம் விளங்கும். பேராக் மாநிலத்தில் வாழும் குடும்பம் அது. தகப்பனார் தோட்டத்திலே பிறந்து, படித்து, இன்று பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர். நல்லவர்; மகளையும் மகனைப் போலவே பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தவர். அம்மகளுக்கு வயது இருபது. உடன் படிக்கும் மூன்று தோழியரோடு ரயிலேறித் தாய்லாந்து சென்று ஒரு வாரம் சுற்றிவர அவள் விரும்பினாள். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. போகும் வழி, தங்கும் இடம், ஆகும் செலவு யாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தகப்பனாரிடம் கொடுத்தாள். அவர் அதனைப் படிக்காமலே மடித்து வைத்து, "சயாமுக்கா? வேண்டாம்" என்றார்.

சயாம் என்பது அவ்வீட்டில் சாதாரணச் சொல்லன்று. தகப்பனாரின் தாயார் 1942-இல் பிறந்தவர், இன்றும் உயிரோடிருக்கின்றார். அவர் நன்றாக நடை பழகுமுன்னரே, 1943-இல், அவருடைய தந்தையை ஜப்பானியர் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். சயாமிலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசயாட் வரை காட்டையும் மலையையும் வெட்டி அமைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பசியாலும் அடியாலும் வாந்திபேதியாலும் இறந்த போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவரோ எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து போனவருள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். அவ்வீட்டுப் பாட்டியாரின் தந்தையும் திரும்பவில்லை. ஆதலின் சயாம் என்றதும் தகப்பனாரின் நெஞ்சு திடுக்கிட்டதில் வியப்பில்லை. அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

ஆயினும் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தன் நண்பர்களோடு ஹட்யாய்க்குப் போனாரே, அப்பா. அதுவும் சயாம்தானே?" தகப்பனார் பதில் கூறவில்லை. பதில் கூறியவர் மூலையில் அமர்ந்திருந்த பாட்டியார்.

"என் அம்மா பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள். கூட வந்ததெல்லாம் கங்காணியின் ஆட்கள். சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. பொம்பளைப் பிள்ளை கடல் தாண்டலாமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. பால்மரம் வெட்டக் கூப்பிட்டார்கள், வந்தாள். இவள் கூலிக்கா போகிறாள்? பார்க்கத்தானே போகிறாள்? போய்வரட்டும், தம்பி."

எழுத்தறியாத அம்மூதாட்டியின் வாயிலிருந்து வந்த இக்கேள்வியைவிடக் கூர்மையான கேள்வியை நாம் எந்த அறிஞரிடமும் கேட்டதில்லை. அதனை எடுத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பெண்ணோடு கடல் கடத்தல் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் கூறுகின்றது. அஃது அக்காலத்துச் செய்யுள் வழக்கு. பழைய நெறி எதுவாயினும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது அதனை நினைவூட்ட ஒருவரும் முன்வரவில்லை. நம் பாட்டிமாரும் முப்பாட்டிமாரும் ரஜூலா முதலிய கப்பல்களின் தளத்தில் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்து வந்தனர். பினாங்குக்கு எதிரேயுள்ள ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர் முகமறியாத தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டு, ஆணுக்குத் தந்த கூலியிலும் குறைந்த கூலிக்குப் புல் வெட்டினர், பால் எடுத்தனர். அப்பெண்களின் கற்பைப் பற்றியும் காவலைப் பற்றியும் அன்று கவலைப்பட்டவர் எத்தனை பேர்?

அஃது அக்காலம் என்பீராயின் இக்காலத்தையே பார்ப்போம். ஜொகூர் மாநிலத்திலிருந்து நாள்தோறும் விடியுமுன் எழுந்து, பாலம் கடந்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் பெண்கள் பலர். அவர்களும் ஒவ்வொரு நாளும் கடப்பிதழைக் காட்டி அயல்நாடு புகுகின்றவர்களே. மாத முடிவில் சம்பளம் வீட்டுக்கு வருகின்ற வரையில் அதனை எவரும் ஒழுக்கக் கேடென்று சொல்வதில்லை.

இன்னொரு வகைப் பிரயாணமும் உண்டு. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தோற்றுவித்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் அதிற் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி அம்மையாருக்கு அப்போது வயது பதினெட்டு. அவரும் பிற பெண்களும் சயாம் வழியாகப் பர்மா வரை சென்றனர். இன்று அவர்களை மேடைதோறும் புகழ்கின்றோம், புகழ்வது முறையே.

ஆகவே பெண் எல்லை கடப்பதை நம் சமூகம் உண்மையில் என்றும் தடுத்ததில்லை. கூலிக்காகக் கடந்தால் பொறுத்துக்கொண்டது. தேசத்துக்காகக் கடந்தால் மாலை சூட்டிற்று. கணவனைப் பின்பற்றிக் கடந்தால் கடமை என்றது. தன் கண்ணால் உலகைக் காண வேண்டும், தோழியரோடு சிரித்துப் பேசி நாலு ஊர் நடக்க வேண்டும் என்று தனக்காகக் கடக்க எண்ணும்போது மட்டுமே ஆபத்து, மானம், ஊரார் வாய் என்பவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன. பிறர்க்குப் பயன்படும்போது அவள் முழு மனிதப்பிறவி. தன் விருப்பத்தைக் கூறும்போது குழந்தை. இஃது எவ்வகை நியாயம்? மலேசியாவில் 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு வாக்குரிமை உண்டு. நாட்டை ஆள்பவர் இன்னார் என்று தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவள், தான் ஏறும் ரயிலைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவளா?

நிற்க. ஆபத்து இல்லையா என்று பெற்றோர் கேட்பர். உண்டு. 2022-இல் நம் நாட்டு இளைஞர் பலர் நல்ல சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மாருக்கும் சென்று, மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் துன்புற்றதை நாமெல்லாம் பத்திரிகைகளில் படித்தோம். ஆனால் அவர்களை வீழ்த்தியது எது? முன்பின் அறியாதவன் சொல்லை நம்பியதும், போகுமிடத்தின் உண்மையை அறியாததும் அல்லவா? அவ்வலையில் ஆண்களும் வீழ்ந்தனர். எனவே ஆபத்துக்கு மருந்து அறிவும், துணையும், வீட்டோடு ஒளிவு மறைவற்ற தொடர்புமே ஆகும். மகளை மட்டும் வீட்டில் நிறுத்துவது மருந்தாகாது. தகப்பனாரிடம் மகள் கொடுத்த தாளில் இம்மூன்றும் இருந்தன. அவர் அதனைப் பிரித்துப் படிக்கவில்லை, அவ்வளவே.

ஆபத்தினும் ஆழமான ஐயம் ஒன்று பெற்றோர் மனத்தில் இருப்பதை நாம் அறிவோம். கண்காணிப்பில்லாத இடத்தில் பிள்ளை நெறி தவறிவிடுமோ என்பதே அது. இதற்கு நேராகவே விடை கூறுவோம். பூட்டிய பெட்டிக்குள் இருந்த நகை களவு போகவில்லை என்றால் புகழ் பூட்டுக்குரியது, நகைக்குரியதன்று. பிறர் பார்க்கின்றனர் என்பதற்காக நல்லவராயிருப்பவர் உண்மையில் நல்லவரா என்பது, எவரும் பாராத இடத்திலேதான் தெரியவரும். இருபது ஆண்டு ஊட்டி வளர்த்த ஒழுக்கம் ஒரு வார விடுமுறையைத் தாங்காது என்று பெற்றோர் எண்ணுவராயின், அவர் குறை காண்பது பிள்ளையிடத்து மட்டுமன்று. தம் வளர்ப்பிலும் குறை காண்கின்றனர். அன்றியும், தோட்டத்தில் நம் முன்னோர் பின்னாலே நின்று விரட்டிய கங்காணியை நாம் வெறுத்தோம். அவன் போய்விட்ட பின் அவன் வேலையை நாமே நம் வீட்டில் ஏற்றுக்கொள்ளலாமா?

பாட்டியாரின் சொல்லுக்குப் பின் தகப்பனார் தாளைப் பிரித்துப் படித்தார், ஒரு வாரம் யோசித்தார், அனுமதி தந்தார். நால்வரும் ஈப்போவில் ரயிலேறினர். பாடாங் பெசார் நிலையத்தில் இருநாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றனர். ஒருவரிடம் முத்திரை பெற்று, சில அடி நடந்து மற்றவரிடம் முத்திரை பெற்றால் நாடு மாறிவிடுகின்றது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைத்துக்கொண்டு ஹட்யாய் சென்று, இரவு ரயிலில் வடக்கே போய், காஞ்சனபுரியை அடைந்தனர்.

அங்கே நகரின் நடுவிலுள்ள போர் மயானத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நேச நாட்டுப் படைவீரரின் பெயர், வயது, இறந்த நாள் யாவும் பொறிக்கப்பட்டுள்ளன. தன் பாட்டியாரின் தந்தை பெயர் அங்கே இராது என்று அறிந்தும் அவள் வரிசைகளினூடே நடந்தாள். தோட்டத்திலிருந்து போய் மாண்ட தமிழருள் மிகப் பலர்க்குப் பெயர் பொறித்த அத்தகைய கல்லறை இல்லை. பின்னர் பாலத்தைக் கடந்து நாம் தோக் வரை செல்லும் ரயிலில் ஏறி, மலையோரத்தில் மரத்தூண்களின்மேல் அமைந்த பாதையில் போயினர். அவருடைய உழைப்பு அப்பாதையில் எங்கேயோ இருக்கின்றது என்று எண்ணிக்கொண்டு போனதாக அவள் பிறகு கூறினாள்.

அன்றிரவு தோழியருள் ஒருத்திக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இங்கேதான் அவர்களின் பரீட்சை தொடங்கிற்று. வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டாம். தெரிந்தால் இனி ஒருகாலும் அனுப்பமாட்டார்கள் என்றாள் ஒருத்தி. பாங்காக் செல்ல முன்பணம் கட்டியாயிற்றே என்றாள் மற்றொருத்தி. நீண்ட வாதத்தின் முடிவில் நோயுற்றவளை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். பாங்காக் பயணத்தைக் கைவிட்டனர். செலவை நான்காகப் பங்கிட்டனர். பெற்றோரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது என்றும் முடிவு செய்தனர். நம் பெண் நள்ளிரவில் தகப்பனாருக்குத் தொலைபேசியில் யாவற்றையும் கூறினாள். "உடனே திரும்பி வா" என்று அவர் சொல்வார் என்றே எதிர்பார்த்திருந்தாள். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "பணம் போதுமா, அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மகனிடம் கேட்ட அதே கேள்வி மகளிடமும் வந்து சேர்ந்தது. இதனை மகளுக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டும் நாம் கருதவில்லை. உண்மையைச் சொன்ன மகளும், அவ்வுண்மையைத் தண்டிக்காத தகப்பனாரும் சேர்ந்து ஈட்டிய பொருள் அது. பிள்ளை உண்மை சொல்லும்போதெல்லாம் உரிமையைப் பறிப்போமாயின், அடுத்த முறை பொய் சொல்ல நாமே கற்றுக்கொடுக்கின்றவர்களாவோம். பெற்றோரை ஏமாற்றிப் பெறும் உரிமையும் சுதந்திரமாகாது. அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம் எல்லை தாண்டியும் கூடவே வரும்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: மகனுக்கு எந்த அளவுகோலோ அதுவே மகளுக்கும் ஆகுக. வழி, துணை, பணம், தங்குமிடம் ஆகியவற்றை இருவரிடமும் கேளுங்கள். ஊரார் வாயை இருவரிடமும் விட்டுவிடுங்கள். மாணவ மாணவியர்க்கு நாம் கூறுவதும் ஒன்றுண்டு. பெரியவர் உடனில்லாத இடத்தில் கடமை குறைந்துவிடுவதில்லை. அதுவரை வீட்டார் சுமந்த பொறுப்பை அங்கே நீங்களே ஒருவர்க்கொருவர் சுமக்க வேண்டும். காய்ச்சல் கண்ட தோழியின் தலைமாட்டில் ஓரிரவு விழித்திருந்தவர் கற்ற பாடத்தை, பாங்காக்கின் எந்தக் கடைத்தெருவும் கற்பித்திராது.

நால்வரும் நலமாக வீடு திரும்பினர். மகள் பாட்டியாரின் பக்கத்தில் அமர்ந்து, மயானத்தையும் பாலத்தையும் ஆற்றையும் பற்றி நெடுநேரம் சொன்னாள். பாட்டியார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "திரும்பி வர ரயில் சரியாகக் கிடைத்ததா?" என்று கேட்டார். "கிடைத்தது, பாட்டி" என்றாள் பேர்த்தி. கிழவியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.