கடன் நோட்டில் பேர் இல்லாதவன்

2020 மார்ச் கடைசியில் ஹூஸ்டனிலிருந்து என் பள்ளித் தோழன் போன் செய்தான். எடுத்தவுடன், "தோட்டா கிடைக்கலடா மச்சான்" என்றான். எனக்குப் புரியவில்லை. தட்டுப்பாடு என்றால் எனக்கு அரிசி, பால், பருப்பு. அவனுக்கு கிரீன் கார்டு வந்து இரண்டு வருஷம். வாழ்க்கையில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கைத்துப்பாக்கி வாங்கிவிட்டான், இப்போது அதில் போடத் தோட்டா இல்லை. கடை கடையாக ஏறி இறங்குகிறான். சில கடைகளில் ஆளுக்கு ஒரு பெட்டிதான்.

"யாரச் சுடப் போற?"

"யாரயும் இல்லடா. எல்லாரும் வாங்குறான். நாளைக்கு எங்கிட்ட மட்டும் இல்லன்னா?"

அந்த ஒரு மாதத்தில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கிகளுக்காக எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சோதனைகள் 37 லட்சத்தைத் தாண்டின. அதற்கு முன் எந்த மாதத்திலும் அவ்வளவு நடந்ததில்லை. நான் சிரித்தேன். சிரிக்கும்போது என் கண் அறையின் மூலைக்குப் போனது. அங்கே 25 கிலோ பொன்னி மூட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் தனியாள். ஒருவேளைதான் சமைப்பேன்.

அந்த மூட்டை வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்போது பிள்ளைச்சாவடியில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டிருக்கிற மீனவர் ஊர். பேருக்குத்தான் புதுச்சேரி. டவுனுக்குப் போக வேண்டுமானால் நடுவில் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மார்ச் 24 மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அன்று மத்தியானமே ஈசிஆர் ரோட்டில் ஒரு பெரிய கடையில் மூட்டையைத் தூக்கிவிட்டேன். பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு மூட்டை வைத்திருந்தார். அவரைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் 5 கிலோதான் வாங்கியிருப்பேன் என்று இன்றுவரை நம்புகிறேன். எனக்குப் பின்னால் நின்றவர் என்னைப் பார்த்து என்ன முடிவெடுத்தார் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1948-ல் எழுதிய கட்டுரையொன்றில் இதைத்தான் சொல்கிறார். வங்கி திவாலாகப்போகிறது என்று வதந்தி. எல்லாரும் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். நன்றாக இருந்த வங்கி அதனாலேயே திவாலாகிறது. பொய்யாகத் தொடங்கியது மெய்யாகிவிடுகிறது. ஆகவே என் நண்பனை முட்டாள் என்று சொல்ல முடியாது. தோட்டா தீர்ந்துவிடும் என்று பயந்தான், தீர்ந்துவிட்டது. அவன் கணக்கு சரிதான். தவறு எங்கே என்று சுட்டிக்காட்ட முடியாத இந்தச் சரிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பிரதமர் பேசி முடித்ததும் எண்ணெயும் பருப்பும் வாங்கத் தெருமுனை அக்கா கடைக்கு ஓடினேன். ஐந்து பாக்கெட் எண்ணெய் கேட்டேன்.

"ஒண்ணுதான் தருவேன் தம்பி."

பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தது தெரிந்தது. "காசு குடுத்துத்தானக்கா கேக்கறேன்?"

"காசு எல்லார்கிட்டயும் இருந்தா நான் எதுக்கு நோட்டு வச்சினு இருக்கேன்?"

ஒரு வாரம் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இது பதுக்கல் இல்லையா? 1955-லிருந்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் இருக்கிற நாடு இது. அறையில் மூட்டையை வைத்துக்கொண்டே இப்படியெல்லாம் யோசித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு, வேலையில்லாத சாயங்காலங்களில், யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் சாமான் அன்றன்றைக்குத்தான். கால் கிலோ பருப்பு, சின்ன எண்ணெய் பாக்கெட், பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள். கடலுக்குப் போக முடியாத நாட்கள் அவை. வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் வேறு தொடங்கும். அந்த மாதங்களில் அக்காவின் நோட்டில்தான் அடுப்பு எரியும், மீன் வந்ததும் கழியும். முன்கூட்டியே பயந்து வாங்கிவைக்க முன்பணம் வேண்டும். அது இருந்தவன் நான். இல்லாதவர்களுக்கும் பயம் இருந்தது, ஆனால் அதை அவர்களால் மூட்டையாக மாற்ற முடியவில்லை. அவர்கள் நாளை வந்து கேட்கப்போகிற கால் கிலோவைத்தான் நான் இன்றைக்கே ரொக்கம் கொடுத்து எடுக்கப் பார்த்தேன்.

இதில் ரேஷன் கதை ஒன்று உண்டு. பொம்மையார்பாளையத்தில் ரேஷன் கடையில் அரிசியே விலையில்லாமல் கிடைக்கும். எங்கள் பக்கம் 2015 செப்டம்பரிலிருந்து ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்பதே அப்போதைய நடைமுறையாக இருந்தது. சண்டிகரும் புதுச்சேரியும்தான் அதற்கு முதல் சோதனைக்களம். சாதாரண நாளில் பணமும் அரிசியும் ஒன்றுதான் என்று வாதிடலாம். அந்த வாரம் அப்படி வாதிட முடியாது. அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது: பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 1943-ல் வங்காளத்தில் அரிசி குறைவாக இல்லை. இருந்த அரிசியைத் தன் கைக்குக் கொண்டுவர முடியாமல்தான் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். பயமும் பதுக்கலும் விலையை ஏற்றின. கூலிக்காரன் கையிலிருந்த காசு காசாகவே நின்றது.

அப்படியென்றால் அக்கா செய்தது நியாயம். இங்கேயே முடித்துவிட ஆசைதான்.

ஆனால் ஏப்ரல் முதல் வாரத்தில் ஓர் இரவு, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் வேலை செய்த மூன்று வடநாட்டுப் பையன்கள் கடைக்கு வந்தார்கள். அரிசி கேட்டார்கள், கையில் காசும் இருந்தது. அக்கா இல்லை என்று கையை விரித்தாள். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "அவங்கள யாருனே எனக்குத் தெரியாதே தம்பி" என்றாள். அவள் நோட்டின் நியாயம் அந்தத் தெரு எங்கே முடிகிறதோ அங்கேயே முடிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. என் மூட்டையில் இன்னும் 20 கிலோவுக்கு மேல் இருந்தது.

நாலு நாள் கழித்து 10 கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் கடைகளுக்கு லாரி வந்துவிட்டது, தட்டுப்பாடு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, என் பயமும் போய்விட்டது. அதனால் அதைக் கொடை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். மிச்ச அரிசியில் ஜூன் மாதம் வண்டு வைத்தது. ஹூஸ்டன்காரன் பிறகு நாலு பெட்டி தோட்டா வாங்கினான். இன்னும் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லையாம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முந்தின நாள் அதே கடையில் மெழுகுவத்திக்குக் கூட்டம். அக்கா ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என் பேரும் அவள் நோட்டில் ஏறியிருந்தது, 140 ரூபாய் பாக்கி. பின்தெருவில் புதிதாகக் கட்டும் வீட்டில் நாலு பையன்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏதாவது எடுத்து வையுங்கள் என்றேன்.

"அவனுங்கள எனக்குத் தெரியாது. உன் பேர்ல எழுதிக்கட்டா?"

கொஞ்சம் தயங்கினேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.