கறை ஓரிடம், கசிவு ஓரிடம்



தவக்காலத்தின் இந்த ஞாயிறன்று, விவிலியத்தில் நாம் அதிகம் புரட்டாத ஒரு பக்கத்தைத் திறக்க விரும்புகிறேன். லேவியர் நூல், 14-ஆம் அதிகாரம். தோல்நோய் பற்றிய சட்டங்களை அடுத்து, வீட்டுச் சுவரில் படரும் பூஞ்சணத்தைப் பற்றி அங்கே சொல்லப்படுகிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தெரிந்தால், வீட்டுக்காரர் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். குரு நேரில் வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, உட்சுவரைச் சுற்றிலும் சுரண்டி, வேறு கல் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

குருமடத்தில் இதைப் படித்த நாள்களில், சுவர்ப் பூஞ்சணத்துக்கும் மீட்புக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. சென்ற ஆண்டு மார்ச் மாதம், நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றின் கேரவனுக்குள் நின்றபோதுதான் விளங்கியது.

ஒவ்வொரு ஜூலையும் இங்கிலாந்தின் வால்சிங்காம் திருத்தலத்தில் நடக்கும் தமிழர் திருயாத்திரைக்குக் கேரவனைக் காரில் கொளுவி இழுத்துக்கொண்டு வருகிற குடும்பம் அது. இந்த நாட்டு வழக்கப்படி குளிர்காலம் முழுக்க அதைப் பூட்டி வைத்திருந்துவிட்டு, வசந்தம் தொடங்கும்போது திறந்தார்கள். மந்திரித்துத் தரும்படி என்னையும் அழைத்திருந்தார்கள். கதவு திறந்ததும் நனைந்த சாக்கின் மணம் முகத்தில் அடித்தது. முன்ஜன்னலுக்குக் கீழே, இருக்கை மெத்தையைத் தூக்கிய மூலையில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். அந்தக் குடும்பத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “போன வருஷமும் வந்தது ஃபாதர். துடைச்சுப் போட்டு வெள்ளைப் பெயின்ட் அடிச்சனான்.”

கேரவன் பழுது பார்க்கும் ஆங்கிலேய முதியவர் ஒருவர் வந்தார். அவர் அந்தக் கறையைத் தொடவே இல்லை. இரண்டு ஊசிமுனை கொண்ட சிறு கருவி ஒன்றைக் கறையிலிருந்து மேல்நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் சுவரில் ஊன்றிக்கொண்டே போனார். மரத்தின் ஈரத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று அது காட்டும். 15-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் உள்ளே மரம் உக்கத் தொடங்கியிருக்கக்கூடும். கறைக்குப் பக்கத்தில் 19 காட்டியது. மேலே போகப் போக 22, 26, 31. கடைசியில் கூரையும் சுவரும் சேரும் விளிம்புக்கு வந்து நின்றார். முன்பந்தல் துணியைச் செருகுகிற அலுமினியப் பட்டை அங்கே ஓடுகிறது. அதிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன் தலை பளபளவென்று இருந்தது. உடல் துருவேறி, பாதியாய்த் தேய்ந்து, மரத்தின் கறுப்பு ஈரம் ஒட்டியிருந்தது. கறை ஓரிடம், கசிவு ஓரிடம். இரண்டுக்கும் இடையில் ஆறடி தூரம்.

அவர் விளக்கிச் சொன்னார். பழைய முறைக் கேரவன்களின் சுவர் பல அடுக்குகள் கொண்டது. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், இடையில் மரச்சட்டமும் வெப்பம் காக்கும் நுரைப்பலகையும். தகடுகள் சேரும் இடங்களை அடைத்திருப்பது மாஸ்டிக் என்ற பசை. வெயிலிலும் உறைபனியிலும் வீதிக் குலுக்கத்திலும் அந்தப் பசை ஆண்டுக்கணக்கில் இறுகி, ஒருநாள் மயிரிழை அளவு வெடிக்கும். அந்த இழை வழியே நுழைந்த நீருக்கு வெளியே போக வழியில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். கறை கண்ணில் படும்போது மரம் உள்ளே நெடுநாளாக நனைந்திருக்கும்.

பிரியமானவர்களே, நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். சோற்றுக் கோப்பையின் முன்னால் பிள்ளைமேல் வெடிக்கிற கோபம் அந்தப் பிள்ளையால் வந்ததாக இராது. ஊரில் காணி பிரித்தபோது கூடப்பிறந்தவர் சொன்ன ஒரு சொல்லாக இருக்கலாம். சாகக் கிடந்த தாயைப் பார்க்கப் போக விசா கிடைக்காமல் போன அந்த வாரமாக இருக்கலாம். போரில் பறிகொடுத்தவர்களுக்காக இன்றுவரை வாய்விட்டு அழாத அழுகையாக இருக்கலாம். கறையைப் பார்த்து நாம் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறோம். ஆன்ம சோதனை என்று திருச்சபை சொல்வது, கறையிலிருந்து கசிவு வரைக்கும் ஒவ்வொரு சாணாக ஊன்றிப் பார்க்கும் வேலை. “கோபப்பட்டேன்” என்பதோடு பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிடாமல், “எங்கிருந்து கோபப்பட்டேன்?” என்று ஆண்டவர் முன்னிலையில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து அந்த அண்ணன் கேட்டார்: “வெளியால சிலிக்கன் அடிச்சு விட்டா நிண்டிடும்தானே?” முதியவர் தலையசைத்து மறுத்தார். பழைய பசையின்மேல் சிலிக்கன் பூசினால் உள்ளே நிற்கிற நீரையும் சேர்த்துப் பூட்டிவிடுவோம் என்றார். பட்டையை முழுதாகக் கழற்ற வேண்டும். பழைய மாஸ்டிக்கைத் தகட்டில் கீறல் விழாமல் கடைசித் துணுக்கு வரை வழித்தெடுக்க வேண்டும். உக்கிய மரத்தை வெட்டி எடுத்துப் புது மரம் சேர்க்க வேண்டும். உள்பலகையைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்துக் காய விட வேண்டும். அளவு இறங்கிய பிறகுதான் புதுப் பசையும், துருப்பிடிக்காத புதுத் திருகாணியும். அந்தக் குடும்பத்துக்கு அது ஆறு வாரம் எடுத்தது.

நாமோ காய விடாமலேயே மூடிவிடுகிறோம். “சரி விடு, மன்னிச்சிட்டன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மறு பெருவிழாவில் முகம் திருப்பிக்கொள்கிறோம். லேவியர் நூலின் குரு ஏழு நாள் பொறுத்திருந்து திரும்பி வந்தாரே, அந்தப் பொறுமையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மன்னிப்பு ஒரே நாளில் பிறக்கலாம். காயம் உலர நாள் எடுக்கும். கணவரோ மனைவியோ இன்னும் உலரவில்லை என்றால் அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்தில் இருங்கள், திரும்ப வந்து பாருங்கள்.

இன்னொன்றும் சொன்னார் அந்த முதியவர். கேரவனுக்குள் வருகிற ஈரம் எல்லாம் மழையால் வருவதில்லை. நால்வர் உறங்கும் மூச்சு, தேநீர்க் கேத்தல், சமையல், எல்லாமே நீராவி. ஒரு கிலோ புரொப்பேன் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் பிறக்கிறது. அதனால்தான் தரையிலும் கூரையிலும் மூட முடியாத காற்றுத் துளைகளை வைத்திருக்கிறார்கள். குளிர் வருகிறதே என்று சிலர் அதில் துணியை அடைத்துவிடுவார்கள். ஓதம் ஏறுவது ஒருபுறம். கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிரே போகலாம்.

பாவம் செய்யாத நாளிலும் நம் உள்ளத்தில் ஈரம் சேர்கிறது. வேலைக் களைப்பு, பிள்ளைகளைப் பற்றிய கவலை, அன்பாகச் செய்த பணிவிடைகளின் அலுப்பு, இவையெல்லாம் வாழ்வதாலேயே வருகிற ஈரம். இதற்குப் பெரிய பழுதுபார்ப்பு வேண்டாம். திறந்திருக்கும் ஒரு துளை போதும். இரவுச் செபம் அந்தத் துளை. நேரமில்லை, களைப்பு என்று அதை அடைத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் குடும்பமாக உட்காருங்கள். அன்றைய நாளை அன்றே ஆண்டவரிடம் வெளியே விடுங்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரத் தயங்குகிறவர்களுக்கு, அதே அதிகாரத்தில் ஒரு சிறு வரி வைக்கப்பட்டிருக்கிறது. குரு உள்ளே நுழைவதற்கு முன்பே வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிடச் சொல்ல வேண்டுமாம். அவர் பார்த்துத் தீட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் உள்ளே இருக்கிற எல்லாமே தீட்டாகிவிடும். அந்தக் குடும்பத்தின் சட்டிபானையும் பாயும் அப்படிப் போய்விடக் கூடாது. சட்டத்தின் நடுவே எவ்வளவு இரக்கம்! தேடி வருகிறவர், காப்பாற்றக்கூடியதை எல்லாம் முதலில் காப்பாற்ற நினைக்கிறார். குணமான வீட்டுக்காகச் செய்கிற சடங்கின் முடிவில், ஒரு பறவை ஊருக்கு வெளியே திறந்த வெளியில் பறக்க விடப்படுகிறது.

நம்மில் பலருக்கு ஒழுக்குப் புதிதல்ல. தறப்பாள் கொட்டிலுக்குள், மழை இரவில், சட்டி வைத்து நீர் ஏந்தியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாலைவனத்தில் ஆண்டவரின் இல்லமும் பொருத்துகள் உள்ள கூடாரம்தான். வெள்ளாட்டு மயிரால் நெய்த 11 விரிப்புகளை 50 வெண்கலக் கொக்கிகளால் இணைத்த கூடாரம் என்று விடுதலைப் பயண நூல் கணக்குச் சொல்கிறது. வாக்கு மனிதரானார் என்று யோவான் எழுதும் இடத்தில், நம் நடுவே குடிகொண்டதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் அடித்தல் என்றே பொருள். பொருத்துகள் உள்ள வாழ்வு எப்படிக் கசியும் என்பது நம் ஆண்டவருக்குத் தெரியும்.

அந்தக் கேரவன் ஜூலையில் வால்சிங்காமுக்கு வந்தது. 1061-இல் நாசரேத்து இல்லத்தின் சாயலில் ஒரு சிறு வீடு அங்கே எழுந்தது என்று மரபு சொல்கிறது. முதல்நாள் இரவு முழுவதும் மழை. விடியற்காலை அந்தக் குடும்பத்து அக்கா என்னைக் கூப்பிட்டார். மெத்தையைத் தூக்கி, பழைய கறை இருந்த மூலையில் தன் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். “காய்ஞ்சு கிடக்கு ஃபாதர்,” என்றார். அவர் கண்கள்தான் நனைந்திருந்தன.

இந்த வாரம் நாமும் நம் வீட்டின் அந்த மூலையில் கை வைத்துப் பார்ப்போம். ஈரம் இருந்தால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள். பாஸ்காவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆண்டவரே, எங்கள் சுவர்களுக்குள் நுழைந்து பாரும். உக்கியதை எடுத்துவிட்டு, உலரும் வரை எங்களோடு தங்கியிரும். ஆமென்.