அங்காடியும் அநித்தியமும்

தோன்றியன யாவும் மறையும் என்பது பௌத்தர் கற்கும் முதற்பாடம். ஆயினும், பிறனுடைய இழப்பின் முன் நின்று, "எல்லாம் அநித்தியம்" என்று கூறி அகலுதல் ஞானமாகுமா? இவ்வினாவை ஓர் அங்காடியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

புனே நகரத்தைச் சார்ந்த எரவாடா நம்மவர்க்குப் புதிய பெயரன்று. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் புனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது அங்குள்ள சிறைச்சாலையிலேயாம். அந்த எரவாடாவில், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுந் தறுவாயில், தீபக் உரத்தொழில் நிறுவனத்தார் 'இஷான்யா' என்னும் பேரங்காடியைத் திறந்தனர். வீடு கட்டுவோர்க்கும் அலங்கரிப்போர்க்கும் வேண்டிய தரைக்கற்கள், குளியலறைச் சாதனங்கள், மரச்சாமான்கள் முதலியன ஒரே வளாகத்திற் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. பின்னர் 'கிரியேட்டிசிட்டி' என்று பெயர் மாற்றி அதனை மீண்டும் நிமிர்த்த முயன்றனர்.

இது விதியின் செயலா? அன்று. காரணமின்றி ஒன்றும் நிகழ்வதில்லை என்பதே சார்பிற்றோற்றத்தின் பொருள். அக்காலத்தில் எவையெவை கூடி நின்றன எனப் பாருங்கள். காய்கறிக்கு நாள்தோறும் கடைக்குச் செல்கிறோம். கட்டிலும் அலமாரியும் வாங்கப் பத்தாண்டுக்கொரு முறையே செல்கிறோம். 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடி வீடு கட்டுந் தொழிலைத் தாக்கிற்று. 2011இல் அருகிலுள்ள விமான் நகரில் பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி என்னும் மாபெரும் அங்காடி எழுந்தது. அதையடுத்து மரச்சாமான்களையும் இணையத்தின் வழியே வாங்கும் பழக்கம் பரவிற்று.

இது ஓர் அங்காடியின் கதை மட்டுமன்று. நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இடம் காலியாகக் கிடக்கும் அங்காடிகளை 'பேய் அங்காடிகள்' என்று வழங்குகின்றனர். நைட் பிராங்க் நிறுவனத்தார் இந்திய நகரங்களில் எடுத்த கணக்கின்படி, 2022இல் 57ஆக இருந்த இவை 2023இல் 64 ஆயின. இவற்றின் பரப்பு ஏறத்தாழ 1.33 கோடி சதுர அடி.

இவ்வீழ்ச்சியின் சுமையைத் தாங்குவோர் யாவர்? முதலீடு செய்தவரும் இழக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்துணிவு அவர் தாமே தேர்ந்துகொண்டது. கட்டடம் பாழானாலும் நிலம் அவருக்கு எஞ்சும். கடன் வாங்கி முன்பணம் கட்டிக் கடையை அழகுபடுத்திய சிறு வணிகனுக்கோ எஞ்சுவது கடனே. காவலாளியும், துப்புரவுப் பணிப்பெண்ணும், சுமை தூக்குவோனும் எங்கே கட்டலாம், எதை விற்கலாம் என்று கேட்கப்பட்டவர்களல்லர். ஆயினும் முதலிற் கூலி இழப்பவர் அவர்களே. அவர்களிடம் "அநித்தியம்" என்று உபதேசிப்பதற்கும், "உன் தலைவிதி" என்று அந்நாளில் நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டதற்கும் வேறுபாடு யாது? சொல் மாறிற்று, கொடுமை மாறவில்லை.

பகவான் புத்தர் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் போதிக்கையில், பணியாளர்பால் எசமானன் ஆற்றவேண்டிய கடமைகளை விளக்கியருளினார். வலிமைக்குத் தக்க வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல் என்பன அவற்றுட் சில. செல்வம் நிலையாதது என்று போதித்தவரே இவற்றையும் போதித்தார் என்பதை மறவாதீர். நிலையாமை கடமையை நீக்குவதில்லை. நாளை உறுதியில்லாமையால் இன்றைய கடமை இன்றே செய்யத்தக்கதாகிறது.

ஆகவே, சரிந்த அங்காடியைப் புதுப்பிக்க முனைவோரை நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். மாறியது பெயர் மட்டுமா, வீழ்ச்சியின் காரணமுமா? முன்பிருந்த சிறு வணிகர்க்குப் புதிய கட்டடத்தில் இடமுண்டா? வேலையிழந்தோர்க்கு ஏதேனும் வழி செய்யப்பட்டதா? இவற்றுக்கு விடையின்றேல், எழுவது புதிய சுவரே. பழைய துக்கம் அவ்வண்ணமே இருக்கும்.

அன்பர்களே! நம் பொருள் அழியுங்கால் அநித்தியத்தை நினைந்து மனத்தைத் தேற்றிக் கொள்வோம். பிறர் வாழ்வு சரியுங்கால் காரணத்தை ஆராய்ந்து, கை கொடுப்போம். அநித்தியத்தைக் கற்றதன் பயன் இதுவேயாம்.