கேட்காமல் வரும் வெந்நீர்

"அங்க வெந்நி எந்நேரமும் வருமாக்கா?"

மாடி வீட்டுப் பெண் கேட்டாள். "வரும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். நடந்தது இவ்வளவுதான். கார்த்திகைக் கடைசியில் கேட்ட கேள்வி, மார்கழி பிறந்தும் என்னை விட்டு இறங்கவில்லை.

எனக்கு ஒரகடத்தில் வேலை. கார் ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ். டிசம்பர் கடைசியில் பெரிய ஆலைகள் பராமரிப்புக்காக லைனை நிறுத்தும்போது நாங்களும் நிறுத்துவோம். அந்தச் சில நாள்களுக்கு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஓர் ஓய்வில்லத்துக்குப் போகலாம் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம். எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகை ஆவி, மிதமான சாப்பாடு, டிவி கிடையாது. மாடிப் பெண் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் பால் பாக்கெட்டுக்காக நின்றபோது என் கைபேசியில் அந்தப் படம் திறந்திருந்தது. மரத்தொட்டி, ஆவி, மேலே மிதக்கும் செம்பருத்தி. படத்துக்கு அடியிலேயே ஒரு நாள் வாடகை கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

வாடகையைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. "இவ்ளோ காசு குடுத்துச் சும்மா இருக்கப் போறீங்களா" என்று சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்திருப்பேன். வெந்நீரை ஏன் கேட்டாள்?

எளிய காரணம்தான் முதலில் தோன்றியது. இரவெல்லாம் ஏ.சி. ஹாலில் நின்றபடி வேலை பார்த்துவிட்டுப் பனியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவளுக்கு வேறென்ன ஞாபகம் வரும்? ஏற்காட்டுக்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பனியைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தூங்காத உடம்புக்கு எல்லா ஊரும் குளிரும். மேலே ஆறு பெண்கள் இருக்கிறார்கள். கீசர் கிடையாது. ஹீட்டர் ராடு போடக் கூடாது என்பது ஹவுஸ் ஓனரின் நிபந்தனை. ஐந்து கிலோ சிலிண்டரில் குண்டான் வைத்துக் காய்ச்சிக்கொள்கிறார்கள். சிலிண்டர் மாதக் கடைசிவரை வர வேண்டுமே என்று பாதி நாள் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

இது தெரிந்ததுதான். இதற்காக ஒரு கேள்வி இத்தனை நாள் தங்காது.

நான் வாலாஜாபாத் பக்கம் ஒரு நெசவு ஊரில் வளர்ந்தவள். கொல்லையில் மூன்று கல் அடுப்பு, அதன்மேல் அடி கரிந்த பித்தளைத் தவலை. சவுக்கு மிலாறும் தென்னை மட்டையும் விறகு. சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் இரண்டு மிளகைப் போட்டுக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் கிண்ணத்தில் வைத்திருப்பாள் அம்மா. அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுப்பதும் தவலையில் தண்ணீர் கொதிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அது எப்படிப் பொருந்தியதோ, அவர் "வெந்நி ஆச்சா" என்று ஒரு நாளும் கேட்டு நான் கேட்டதில்லை. அம்மா அண்டாவில் மொண்டு ஊற்றி, விரலை விட்டுப் பார்த்து விளாவி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விடுவாள். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று ஊரில் கணக்கு. அந்த நாள்களில் எனக்கும் தங்கைக்கும் அப்படியே. சீயக்காய் கண்ணில் பட்டு அலறுவோம், அதட்டிக்கொண்டே இன்னொரு சொம்பு ஊற்றுவாள்.

அம்மா எப்போது குளித்தாள்? ஈரத்தலையில் துண்டோடு அவள் அடுப்பு ஊதுவது நினைவிருக்கிறது. குளிக்கப் போனது நினைவில் இல்லை. எங்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து முடித்திருப்பாள். அதாவது, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால்.

அதே ஊரில் ஓய்வு என்ற ஒன்று வலிய வந்து சேரும் மாதங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. போட்ட கஞ்சி காயாது. தறிக்குழியில் ஊற்றெடுத்துவிடும். தறி நின்றுபோகும். அப்பா திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார். தெருவோடு போகிறவருக்கு நிம்மதியான மனிதராகத் தெரிந்திருப்பார். அவரோ முதலாளியிடம் முன்பணம் கேட்க எப்போது போவது, போன மழைக்கு வாங்கியது கழிந்ததா, முகத்தைச் சுளிப்பாரா என்று படுத்த இடத்திலேயே அந்த வீட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். அந்த நாள்களில் அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டதில்லை. அம்மா தவலையை ஏற்றினாலும் "எதுக்கு இப்ப" என்று தள்ளிவிடுவார். மழை விட்டுத் தறியில் உட்கார்ந்த அன்றுதான் முகம் தெளியும். வேலையில் களைத்த அப்பாவைவிட வேலையில்லாமல் களைத்த அப்பாவைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருந்தது.

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும். ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் இருக்கும் தெருவிலிருந்து ஆதிகேசவப் பெருமாள் கோயில் நடக்கிற தூரம். ராமானுஜர் 1017இல் அவதரித்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. இங்கே இருக்கும் அவர் விக்கிரகத்துக்குத் தானுகந்த திருமேனி என்று பெயர். அவர் தாமே உகந்து ஏற்றது, ஆகவே உயிருள்ள மேனி என்பது நம்பிக்கை. அதனால் குளிர்காலத்தில் அவருக்கு வெந்நீரில் திருமஞ்சனம், மேலே கம்பளி. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது, நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிக்கொண்டு போனது, ரெனோ-நிசான் 2010இல் ஒரகடத்தில் திறந்தது என்று ஊர் தலைகீழாகிவிட்டது. அந்த வெந்நீர் மட்டும் தவறுவதில்லை. எனக்குப் பக்தி கொஞ்சம் குறைவு. ஆனாலும் இந்த வழக்கத்தை நினைத்தால் ஒரு மரியாதை வருகிறது. தனக்குக் குளிர்கிறது என்று அந்தத் திருமேனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பருவம் மாறியதும் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்று யாரோ ஒருவருக்கு நினைவிருக்கிறது.

பெயர் ஒன்றாக இருப்பதால் இன்னொருவர் நினைவும் தொற்றிக்கொள்கிறது. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் சானடோரியத்தில் கிடந்தபோது எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி எப்போதோ படித்தேன். 1917, 18 வாக்கில். காசநோய் என்று மருத்துவர்கள் சந்தேகித்த காலம். திறந்த காற்றுதான் அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து. சன்னலை மூடமாட்டார்கள். அறையில் கணப்பு மூட்ட விடமாட்டார்கள். நடுங்கிப்போய்க் கேட்டிருக்கிறார். முக்கியமான கணக்கு வேலை இருக்கிற நாளில் தருகிறோம் என்றார்களாம், அந்த நாள் வரவே இல்லையாம். கடைசியில் அவர் கண்டுபிடித்தது குளியலறை. அங்கே கதகதப்பாக இருக்கிறது, தினமும் தாளும் பேனாவுமாகப் போய் ஒரு மணி நேரம் உட்காரப் போகிறேன், கட்டுரைகள் எழுதி அனுப்புகிறேன் என்று கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதுகிறார். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததும் அதே 1918இல்தான். அப்படிப்பட்டவருக்கும் கொஞ்சம் சூடு கேட்டுக் கிடைக்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஓர் இடத்தை அவரே தேடிக்கொண்டார்.

அவருக்கு அங்கே வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் சவுரி முத்து. மென்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். அவர்தான் 1928இல் நம் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். காற்றையும் ஓய்வையும் மருந்தாக எழுதிக்கொடுத்த இடம் அது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டுதான் காலையில் பல கம்பெனி பஸ்கள் ஒரகடத்துக்கு வருகின்றன.

இனி என் மேஜை. டைம் ஆபீஸ் என்றால் நாள் முழுக்கக் கேட்பவர்கள். "மேடம், சனிக்கிழமை ஆஃப் மாத்தித் தருவீங்களா", "மேடம், தங்கச்சி நிச்சயதார்த்தம்", "மேடம், பஞ்ச் விழலை". 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று வகுத்தது. 15 நாள் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும், ஆண்டில் மூன்று தடவைக்குமேல் பிரித்து எடுக்கக் கூடாது என்றும் வைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 240 என்பது 180 ஆகியிருக்கிறது. கேட்டு வாங்குவது மாறவில்லை. லைனில் நிற்கிறவர் பாத்ரூம் போவதற்கே லீடருக்குக் கை காட்ட வேண்டும், ரிலீவர் வந்து நின்றால்தான் நகரலாம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டதும் முதலில் ஒன்றுதான். எங்களோடு இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள்? அதற்கே ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு அரசு விடுதி திறந்தது. பெரிய காரியம்தான். எண்ணிக்கையில் சொல்ல முடிகிற எதையும் இந்தப் பகுதியில் செய்துவிடுகிறார்கள்.

கேள்வி தைத்த இடம் இந்த மேஜைப் பக்கம்தான் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ அவளைக் கூப்பிட்டு, "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா எங்க பாத்ரூம்ல குளிச்சுக்கோம்மா, கீசர் இருக்கு" என்றேன். மனதாரச் சொன்னதுதான். "பரவால்லக்கா" என்றாள். சட்டென்று சொன்னாள், யோசிக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு பொறுமையாக நினைத்துப் பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. கீழே வந்து மணி அடிக்க வேண்டும். நான் எழுந்திருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். என் கணவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குளித்துவிட்டு ஈரத்தோடு அவரைத் தாண்டிப் போக வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும். லீடர், சூப்பர்வைசர், டைம் ஆபீஸ் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு அக்கா. அந்த வெந்நீரையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அவள் கேட்டது அதைத்தானோ? அங்கே யாரையும் கேட்காமல் குழாயைத் திருகலாமா என்று?

என் ஆசை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்து வருகிறது. ஏற்காட்டில் என்னை எது இழுக்கிறது என்று உண்மையாகச் சொன்னால், அங்கே என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான். தொட்டியும் செம்பருத்தியும் எனக்குப் பொருட்டே இல்லை. எனக்கு ஓய்வென்றால் கேட்கப்படாமல் இருப்பது, அவளுக்குக் கேட்காமல் கிடைப்பது. ஒரே வாசலில் மேல்படியும் கீழ்ப்படியுமாக நிற்கிறோம். இதைக் கணவரிடம் சொன்னேன். "அங்கயும் காலையில அஞ்சரைக்கு எழுப்பி விட்டுருவாங்க, போனை வாங்கி வெச்சுக்குவாங்க, சொல்ற நேரத்துக்குத்தான் சாப்பாடு. நீ ஷிஃப்டுக்குத்தான் போறே, காசு குடுத்து" என்றார். அவர் இப்படித்தான், பாதி சரியாகச் சொல்வார். அந்தத் தொட்டியை நிரப்பும் பெண்ணுக்கும் ஒரு ஷிஃப்ட் இருக்கும். அவள் லீவு கேட்டு நிற்க அங்கேயும் ஒரு மேஜை இருக்கும். அம்மா விரலை விட்டுச் சூடு பார்த்ததுபோல் அவளும் பார்ப்பாள், அல்லது தெர்மாமீட்டர் வைத்திருப்பாள். சம்பளத்துக்குச் செய்வதால் அந்தச் சூட்டில் ஏதும் குறைந்துவிடுமா? குறையாது என்றுதான் அறிவு சொல்கிறது. கோயிலில் காய்ச்சுகிறவருக்கும் சம்பளம் உண்டே.

இப்படியெல்லாம் கோட்டை கட்டி வைத்திருந்தேன். போன வாரம் அவளே வந்தாள். அந்த இடத்தின் பெயரைக் கேட்டு, போனில் குறித்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்கு முட்டிவலியாம், கரும்புக் காட்டில் குனிந்து குனிந்து வந்ததாம். எண்ணெய் போட்டு நீவி வெந்நீர் ஊற்றினால் கேட்கும் என்று ஊரில் சொல்கிறார்களாம். "ஒரு நாளாச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்கா. அம்மாவுக்குப் பச்சைத் தண்ணி ஆகாது, அதான் அன்னைக்குக் கேட்டேன்" என்றாள்.

அப்படியானால் அது விசாரிப்பு, அவ்வளவுதான். நான் ஏற்காட்டுக்குத் திட்டம் போட்ட மாதிரி அவளும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், என்னைவிடத் தெளிவாக. கேட்பது, கேட்காதது என்று நான் பிரித்து வைத்ததெல்லாம் என் மேஜையின் கவலை, அதை அவள் தலையில் ஏற்றியிருக்கிறேன் போலும். அப்படியென்றால் "பரவால்லக்கா" என்று அவ்வளவு சட்டென்று ஏன் சொன்னாள் என்பதற்கு என்னிடம் விளக்கமில்லை. அரசுச் சித்த மருத்துவமனை தாம்பரம் சானடோரியத்திலேயே இருக்கிறது, முட்டிவலிக்கு அங்கே கூட்டிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவள் ஆசையைத் தரம் குறைத்துவிடுவேனோ, சொல்லாவிட்டால் வீண் செலவில் தள்ளிவிடுவேனோ என்று இரண்டு பக்கமும் இழுத்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். எது சரி என்று இன்னும் தெரியவில்லை. ஏற்காட்டுக்கு முன்பணம் மட்டும் கட்டிவிட்டோம்.